வேகமான கம்ப்யூட்டரிலும் அதே நான்கு விநாடி ஏன்?

முதலில் கேள்வி. வேலூர் மண்டி வீதியில் வெல்லக் கமிஷன் மண்டி நடத்திய தந்தையின் பழைய 386 கம்ப்யூட்டரை மகன் மறுபடி உயிர்ப்பித்திருக்கிறார். அதில் டர்போ பாஸ்கல் என்ற நிரல்மொழிக் கருவியில் எழுதிய கணக்கு நிரல் இருக்கிறது. குடும்பத்துக்குப் பழைய பேரேட்டைப் பார்க்கவேண்டிய தேவை வந்திருக்கிறது. நிரல் ஓடுகிறது. ஆனால் சிட்டை பதியும் திரை கண்ணெதிரே கட்டம் கட்டமாக வரைந்து முடிய நான்கு விநாடி ஆகிறது. பேரேட்டுப் பட்டியல் வரி வரியாக ஊர்கிறது. நண்பரிடம் இருந்த 486-இல் போட்டுப் பார்த்தபோது பட்டியல் கொஞ்சம் விரைந்தது. சிட்டைத் திரை மட்டும் அங்கேயும் அதே நான்கு விநாடி. பழுது பார்ப்பவர் "வீடியோ கார்டை மாற்று" என்கிறார். மாற்றலாமா?

தம்பி, மாற்ற வேண்டாம். அந்த 486-இல் பார்த்ததை நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். முழு விடையும் அந்த வரியில்தான் இருக்கிறது.

ஒரு நிரல் இரண்டு விதமாக மெதுவாகலாம். வேலை அதிகம் இருப்பதால் மெதுவாவது ஒன்று, எதற்காகவோ காத்திருப்பதால் மெதுவாவது மற்றொன்று. வேலை அதிகம் என்றால் வேகமான கம்ப்யூட்டரில் நேரம் குறையும். உங்கள் பட்டியல் அப்படித்தான் நடந்துகொண்டது. காத்திருப்பு அப்படிக் குறையாது. காட்பாடிப் பக்கம் ரயில்வே கேட் மூடியிருந்தால் சைக்கிளும் லாரியும் ஒரே நேரம்தான் நிற்கும். சிட்டைத் திரை 386-இலும் 486-இலும் அதே நான்கு விநாடி எடுக்கிறது என்றால், அது எங்கேயோ ஒரு கேட்டில் நின்று நின்று வருகிறது. ஆகவே உங்களிடம் இருப்பது இரண்டு வேறு வேறு கோளாறுகள். இதைப் பிரித்துப் பார்க்காமல் கார்டை மாற்றினால் இரண்டுமே தீராது.

கணக்குப் போட்டும் பார்க்கலாம். உரைத்திரை, அதாவது எழுத்துகளை மட்டும் காட்டும் திரை, என்பது 80 நெடுவரிசை, 25 வரி. மொத்தம் 2000 இடங்கள். உங்கள் 386 எஸ்எக்ஸ் 16 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கு விநாடியில் செயலியின் கடிகாரம் 6 கோடியே 40 லட்சம் முறை துடிக்கும். 2000-ஆல் வகுத்தால் ஓர் எழுத்துக்கு 32,000 துடிப்பு. கம்ப்யூட்டரின் சில்லிலேயே பதிந்திருக்கும் அடிப்படை நிரலான பயாஸ் வழியாக எவ்வளவு சுற்றி வந்தாலும் ஓர் எழுத்தை எழுத இவ்வளவு ஆகாது. அதாவது, அந்த நேரத்தின் பெரும்பகுதியில் செயலி உருப்படியாக எதையும் செய்யவில்லை.

சரி, எதற்காகக் காத்திருக்கிறது? உங்களிடம் இருக்கும் விஜிஏ வகை வீடியோ கார்டு உரைத்திரையை விநாடிக்கு 70 முறை மானிட்டரில் வரைகிறது. 486-இல் இருந்ததும் விஜிஏதான் என்று சொல்கிறீர்கள், அங்கும் அதே 70. நான்கு விநாடியில் 280 முறை. இனி உங்கள் சிட்டைத் திரையை எண்ணிப் பாருங்கள்: பெட்டிக் கோடுகள், விவசாயி பெயர், ஊர், மூட்டை, எடை, விலை, கமிஷன், கூலி என்று ஒவ்வொரு தலைப்பும், காலிக் கட்டங்களும். நிரலில் தனித்தனியாக எழுதும் கட்டளைகள் ஏறத்தாழ 280 வந்தால் நான் வியக்க மாட்டேன். ஒவ்வொரு கட்டளையும் எழுதுவதற்கு முன் மானிட்டரின் கதிர் அடியிலிருந்து மேலே திரும்பும் கணத்துக்காக நின்றால், ஒரு கட்டளைக்கு 14 மில்லி விநாடி. அதை 280-ஆல் பெருக்கினால் உங்கள் நான்கு விநாடி வந்துவிடும்.

எழுதியவர் மீது கோபப்படாதீர்கள். அவர் அப்படி எழுதியதற்கு நல்ல காரணம் இருந்தது. 1981-இல் ஐபிஎம் பிசி வந்தபோது அதற்கான வண்ணக் கார்டு சிஜிஏ. அதன் நினைவகத்தை ஒரு நேரத்தில் ஒருவர்தான் தொட முடியும். கார்டு ஓர் எழுத்தைப் படித்துத் திரையில் வரைந்துகொண்டிருக்கும் அதே கணத்தில் செயலியும் அங்கே எழுதப் போனால், கார்டுக்குக் கிடைக்கவேண்டிய எழுத்து கிடைக்காமல் அந்த இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி மின்னும். 80 நெடுவரிசைத் திரையில் வேகமாக எழுதினால் திரை முழுதும் பொறி பறக்கும். ஆங்கிலத்தில் இதற்கு ஸ்னோ, அதாவது பனி, என்று பெயர். பனிப்பொழிவே பார்க்காத நம் ஊரில் அதை யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. எண்பதுகளின் கடைசியில் குடியாத்தத்தில் ஒரு லுங்கி வியாபாரியின் கடையில் நான் நிரல் போட்டுக் கொடுத்தபோது, முதல் நாளே அவர் "திரையில் தூசி பறக்கிறது, மெஷின் கெட்டுவிட்டது" என்று திருப்பித் தரப் பார்த்தார். லுங்கி விற்ற காசில் வாங்கிய கம்ப்யூட்டர். அவர் பதறியதில் தவறே இல்லை. அன்று மாலை உட்கார்ந்து, கதிர் திரும்பும் நேரத்தில் மட்டும் எழுதும்படி மாற்றினேன். தூசி நின்றது. திரை மெதுவாகத்தான் வந்தது. ஆனால் அவர் முகம் தெளிந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

உங்கள் நிரலை எழுதியவரும் இதையேதான் செய்திருக்கிறார். ரசீதின் தலைப்பில் "வட ஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டம்" என்று அச்சாகிறது என்று எழுதியிருந்தீர்கள். 1989-இல் பழைய வட ஆர்க்காடு இரண்டாகப் பிரிந்து திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் தனியாகப் போன பிறகு வந்த பெயர் அது. ஆகவே நிரல் அதற்குப் பிந்தியது. அப்போது டர்போ பாஸ்கலில் திரையைக் கையாளும் சிஆர்டி என்ற யூனிட் (ஆயத்தமான நிரல் தொகுப்பு) வந்தே இரண்டு ஆண்டு ஆகிவிட்டது. 1987-இல் வெளியான நான்காம் பதிப்பிலேயே அது உண்டு. அது கார்டின் நினைவகத்தில் நேரடியாக எழுதும், பொறி பறக்காமலும் பார்த்துக்கொள்ளும். ஆனால் கையில் ஏற்கெனவே நன்றாக ஓடும் ஒரு எழுதும் செயல்முறை இருந்தால் யார்தான் தூக்கி எறிவார்கள்? பழைய ஐபிஎம் எக்ஸ்டி கம்ப்யூட்டர் காலத்துச் செயல்முறையை அப்படியே புது நிரலுக்குள் கொண்டுவந்திருப்பார். விஜிஏ கார்டில் பொறியே பறக்காது. கேட்டுக்கு அவசியமே போன பிறகும் கேட் மட்டும் நிற்கிறது.

கேட்டைக் கண்டுபிடிப்பது எளிது. ஆனால் அதற்கு முன் ஒரு வேலை. மூலநிரல் இருக்கும் ஃபிளாப்பிகளை இப்போதே நகல் எடுங்கள். நம் ஊர் வெயிலிலும் மழைக்கால ஈரத்திலும் அலமாரியில் கிடந்த ஃபிளாப்பியில் பூஞ்சை பிடித்திருக்கும். உறையின் சாளரத்தை நகர்த்தி வட்டின் மேல் வெண்புள்ளி தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் டிரைவில் போடுங்கள். பூஞ்சை பிடித்த ஒன்று போதும், டிரைவின் முனை கெட்டு அடுத்து போடுகிற நல்ல ஃபிளாப்பிகளையும் கீறிவிடும்.

நகல் எடுத்ததும் மூலநிரலில் 3டிஏ என்ற பதினாறடிமான எண்ணைத் தேடுங்கள். பாஸ்கலில் அதற்கு முன்னால் டாலர் குறி இருக்கும். வண்ணக் கார்டின் நிலையைச் சொல்லும் போர்ட்டின், அதாவது செயலி கார்டோடு பேசும் வாயிலின், எண் அது. அங்கிருந்து வரும் பைட்டில் கடைசி பிட், கதிர் ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்குத் திரும்பும் நேரத்தைக் காட்டும். எட்டு மதிப்புள்ள பிட், முழுத் திரையும் முடிந்து மேலே திரும்பும் நேரத்தைக் காட்டும். "எட்டாம் மதிப்பு பிட் அணையும் வரை சுற்று, பிறகு எரியும் வரை சுற்று" என்று இரண்டு ரிப்பீட் வளையங்கள் அடுத்தடுத்து இருந்தால், அதுதான் நீங்கள் தேடுவது. முதல் வளையமும் இருப்பதால்தான் ஒவ்வொரு கட்டளையும் ஒரு முழுச் சுற்று காத்திருக்கிறது. ஏற்கெனவே கதிர் திரும்பிக்கொண்டிருந்தாலும் அது போதாது, அடுத்த முறை திரும்பும் வரை நிற்கவேண்டும்.

இரண்டு வளையங்களையும் எடுத்துவிட்டாலே சிட்டைத் திரை கண் இமைப்பதற்குள் வந்துவிடும். முதலில் அதை மட்டும் செய்து பாருங்கள். மற்றதை மாற்றுவதற்கு முன் ஒரு மாற்றம், ஓர் அளவு என்று போவதுதான் நல்லது. அளப்பதற்குக் கைக்கடிகாரம் வேண்டாம். பயாஸ் 0040:006சி என்ற முகவரியில் ஓர் எண்ணைக் கூட்டிக்கொண்டே இருக்கும், விநாடிக்கு 18.2 முறை. திரை வரையும் முன் அதைப் படித்து, வரைந்தபின் படித்து, கழித்துக்கொள்ளுங்கள். டர்போ பாஸ்கலின் கெட்டைம் நூற்றில் ஒரு பங்கு விநாடி வரை காட்டுவதுபோலத் தோன்றும். ஆனால் அதுவும் இதே கடிகாரத்திலிருந்துதான் வருகிறது. 55 மில்லி விநாடிக்குக் கீழே அதை நம்பாதீர்கள். ஒரே திரையை இருபது முறை வரைந்து இருபதால் வகுப்பது மேல்.

நேரடியாக நினைவகத்தில் எழுதும் அந்தச் செயல்முறையை வைத்துக்கொள்வதா, சிஆர்டி யூனிட்டுக்கு மாற்றுவதா என்று அடுத்து கேட்பீர்கள். மாற்றவேண்டிய கட்டாயம் இல்லை. மாற்றுவதானால் ஒரு சிக்கல் உண்டு. ரைட் கட்டளையால் 25-ஆம் வரியின் 80-ஆம் இடத்தில் எழுதினால், எழுதி முடித்ததும் கர்சர் அடுத்த வரிக்குப் போகப் பார்க்கும், முழுத் திரையும் ஒரு வரி மேலே நகர்ந்துவிடும். பெட்டியின் வலது கீழ் மூலை அங்கேதான் இருக்கும். அந்த ஓர் எழுத்தை மட்டும் கார்டின் நினைவகம் இருக்கும் பி800 என்ற பிரிவில் நேரடியாகப் போடுங்கள். மேலும், செக்ஸ்னோ என்ற மாறி சிஆர்டி யூனிட்டில் உண்டு. அது உண்மை என்று இருந்தால் யூனிட்டும் ஒவ்வொரு வரியின் திருப்பத்துக்காகக் காத்திருக்கும். நிரலின் தொடக்கத்திலும், டெக்ஸ்ட்மோட் அழைத்த ஒவ்வொரு முறைக்குப் பிறகும் அதைப் பொய்யாக்கிவிடுங்கள்.

நானாக இருந்தால் இன்னொரு படி போவேன். ஓர் இடத்துக்கு எழுத்துக்கு ஒரு பைட், நிறத்துக்கு ஒரு பைட் என்று மொத்தத் திரையும் 4000 பைட்தான். அந்த அளவுக்குச் சொந்தமாக ஓர் அணி வைத்துக்கொண்டு, திரை முழுவதையும் அதில் தயாரித்து, மூவ் கட்டளையால் ஒரே மூச்சில் பி800-க்குக் கொண்டுபோய் வைத்தால், வரைவது கண்ணுக்கே தெரியாது. திரையில் இப்போது என்ன இருக்கிறது என்று அறியவும் கார்டின் நினைவகத்தைப் படிக்க வேண்டாம், உங்கள் அணியையே பாருங்கள். அந்தக் காலத்துக் கார்டுகளிலிருந்து படிப்பது, முதன்மை நினைவகத்திலிருந்து படிப்பதைவிட மிக மெதுவானது.

இனி பட்டியல். இது காத்திருப்பு அல்ல, உண்மையிலேயே வேலை அதிகம். பேரேட்டுப் பட்டியலைத் திரையிலும் காட்டலாம், கம்ப்யூட்டரின் இயங்குதளமான டாஸின் கட்டளையில் திசைதிருப்பிக் கோப்பிலும் சேமிக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் நிரலில் எங்கேயோ அவுட்புட்டை வெற்றுப் பெயருடன் அசைன் செய்து ரீரைட் செய்திருப்பார். அந்தக் கணத்திலிருந்து சிஆர்டி விலகிக்கொள்ளும், எல்லா எழுத்தும் டாஸ் வழியாகப் போகும். எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள்: நிரலிலிருந்து டாஸுக்கு, டாஸ் ஒவ்வோர் எழுத்தாக எடுத்து, நடுநடுவே யாராவது கண்ட்ரோல்-சி அழுத்தினார்களா என்று பார்த்து, கன் என்ற சாதன நிரலிடம் கொடுக்கும். கான்ஃபிக் கோப்பில் அன்சி.சிஸ் இருந்தால் அது ஒவ்வோர் எழுத்தையும் இது சிறப்புக் குறியீடா என்று சோதிக்கும். பிறகு பயாஸ். கடைசியில்தான் கார்டு. மேலும், சாதனத்துக்கு எழுதும்போது டர்போ பாஸ்கல் ஒவ்வொரு ரைட் கட்டளை முடிவிலும் கையில் இருப்பதை டாஸிடம் தள்ளிவிடும். ஒரு பேரேட்டு வரியைத் தேதி, பெயர், மூட்டை, பற்று, வரவு, நிலுவை என்று ஆறு ரைட் கட்டளைகளாக எழுதியிருந்தால், வரிக்கு ஆறு முறை இந்தப் பயணம்.

இது திரையின் குற்றம்தானா, வட்டின் குற்றமா என்று முதலில் உறுதிசெய்யுங்கள். பட்டியலை டாஸின் நல் என்ற சாதனத்துக்குத் திசைதிருப்பி ஓட்டுங்கள். அது விழுங்கிவிடும், எங்கும் எழுதாது. நேரம் அப்படியே குறைந்தால் திரைதான் காரணம். குறையாவிட்டால் தரவைப் படிப்பதில் இருக்கிறது. டர்போ பாஸ்கலில் ரெக்கார்டு கோப்பின் ஒவ்வொரு ரீடும் தனியாக ஒரு டாஸ் அழைப்பு. உரைக் கோப்புக்கு இடைத்தாங்கல் உண்டு, ஆனால் வெறும் 128 பைட். செட்டெக்ஸ்ட்பஃப் மூலம் சில கிலோபைட்டாக உயர்த்தலாம். ரெக்கார்டு கோப்பு என்றால் பிளாக்ரீட் கொண்டு ஐம்பது நூறு ரெக்கார்டாக அள்ளிக்கொள்ளலாம்.

திரைதான் என்றால், சிஆர்டி யூனிட்டிலேயே அழகான ஒரு வழி இருக்கிறது. ஏனோ பலருக்குத் தெரிவதில்லை: அசைன்சிஆர்டி. பட்டியல் முழுவதையும் அவுட்புட்டுக்கு அல்லாமல் உங்கள் சொந்த உரைக்கோப்பு மாறி ஒன்றுக்கு எழுதும்படி மாற்றுங்கள். திரை வேண்டுமென்றால் அந்த மாறியை அசைன்சிஆர்டியால் கட்டுங்கள். பிரின்டர் வேண்டுமென்றால் பிஆர்என் என்ற பெயரோடும், கோப்பு வேண்டுமென்றால் கோப்பின் பெயரோடும் சாதாரண அசைனால் கட்டுங்கள். பட்டியல் அச்சிடும் வரிகள் மூன்றுக்கும் ஒன்றேதான். திரைக்குப் போகும்போது டாஸையும் அன்சியையும் தொடாமல் நேராகப் போகும்.

திரை மேலே நகர்வதற்கும் விலை உண்டு. கடைசி வரியில் நின்று புது வரி எழுதும் ஒவ்வொரு முறையும் மேலே உள்ள 24 வரிகளையும் ஒரு வரி உயர்த்தவேண்டும். வரிக்கு 160 பைட், 24 வரிக்கு 3840 பைட். கார்டிலிருந்து படித்து, கார்டிலேயே எழுதவேண்டும். ஒரு விவசாயியின் கணக்கு 200 வரி என்றால், முதல் திரை நிறைந்த பிறகு ஆறேமுக்கால் லட்சம் பைட் வெறுமனே இடம் மாறுகிறது. பக்கம் பக்கமாகக் காட்டினால் இது முழுவதும் மிச்சம். பேரேடு பார்ப்பவருக்கும் அதுவே நல்லது. ஓடுகிற வரியில் நிலுவையைத் தேடிப் படிக்க யாராலும் முடியாது.

கம்ப்யூட்டரிலேயே பார்க்கவேண்டியவை இரண்டே. செயலியின் வேகத்தை மாற்றும் முன்பக்க டர்போ பட்டன் சரியான நிலையில் இருக்கிறதா? பயாஸ் அமைப்பில் வீடியோ பயாஸ் ஷேடோ என்பது இருந்தால் இயக்கியிருக்கிறதா? கார்டின் பயாஸ் மெதுவான ரோம் சில்லில் இருக்கிறது. அதை ரேமுக்கு நகல் எடுத்து ஓட்டுவதுதான் ஷேடோ. பயாஸ் வழியாகப் போகும் பட்டியலுக்கு இது உதவும், நேரடியாக எழுதும் சிட்டைத் திரைக்கு எந்த மாற்றமும் தராது.

விவசாயிகள் பெயரையும் ஊரையும் தமிழில் காட்டினால் இன்னும் மெதுவாகிவிடுமா என்றும் கேட்டிருந்தீர்கள். எந்த வழியில் காட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வரைகலைத் திரைக்குப் போனால் மெதுவாகத்தான் ஆகும்: 640-க்கு 480, 16 நிறம் என்றால் ஒரு திரைக்கு 1,53,600 பைட். உரைத்திரையின் 4000-ஐப்போல 38 மடங்கு. ஆனால் விஜிஏவில் உரைத்திரையில் இருந்துகொண்டே எழுத்தின் வடிவத்தை மாற்றலாம். பயாஸின் 10-ஆம் இன்டரப்ட்டில் 1100 என்ற செயல் அதற்குத்தான் (இரண்டும் பதினாறடிமான எண்கள்). எழுத்துக்கு 16 பைட், 256 எழுத்துக்கும் சேர்த்து 4096 பைட், நிரல் தொடங்கும்போது ஒரே முறை ஏற்றினால் போதும். அதற்குப் பிறகு "பள்ளிகொண்டா" என்று எழுதுவதும் ஆங்கிலத்தில் எழுதுவதும் ஒரே வேகம்.

தொல்லை வேறு இடத்தில் வரும். ண, ஞ போன்ற அகல எழுத்து ஓர் இடத்தில் அடங்காது, இரண்டு இடத்தில் பாதி பாதியாக வைக்கவேண்டும். விஜிஏவில் ஓர் இடத்தின் அகலம் ஒன்பது புள்ளி. ஆனால் நீங்கள் தரும் வடிவம் எட்டுப் புள்ளிதான். ஒன்பதாவதை கார்டு காலியாக விட்டுவிடும், ண-வின் நடுவே ஒரு பிளவு தெரியும். 192 முதல் 223 வரையான குறிகளுக்கு மட்டும் கார்டு எட்டாவது புள்ளியை ஒன்பதாவதிலும் திருப்பி வரையும், பெட்டிக் கோடுகள் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அகல எழுத்துகளின் இடப் பாதியை அந்த 32 குறிகளுக்குள் வையுங்கள், பிளவு மறையும். அதற்கு ஈடாகப் பெட்டிக் கோடுகள் சிலவற்றை இழக்கவேண்டிவரும். இரட்டைக் கோட்டுப் பெட்டியை விட்டுவிட்டு ஒற்றைக் கோட்டோடு நிற்பது என் தேர்வு. மண்டிக்காரர் கண்ணுக்கு ஊர்ப்பெயர் சரியாகத் தெரிவது முக்கியம்.

பின்னாளில் இன்னும் வேகமான கம்ப்யூட்டருக்கு இந்த நிரலைக் கொண்டுபோனால், தொடங்கும்போதே ரன்டைம் எர்ரர் 200 என்று நின்றுவிடலாம். பயந்துவிடாதீர்கள், தரவுக்கு ஒன்றும் ஆகவில்லை. நிரலைச் சற்று நேரம் நிறுத்திவைக்கும் டிலே கட்டளைக்காக சிஆர்டி யூனிட் தொடக்கத்தில் செயலியின் வேகத்தை அளக்கிறது. சுமார் 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டிய செயலிகளில் அந்த அளவு அதற்கு ஒதுக்கிய இடத்தில் அடங்காமல் வகுத்தல் உடைகிறது. திருத்திய சிஆர்டியோடு மறுபடி கம்பைல் செய்தால் சரியாகிவிடும், மூலநிரல்தான் உங்களிடம் இருக்கிறதே.

வளையங்களை எடுத்துவிட்டு சிட்டைத் திரையை இருபது முறை வரைந்து அளக்கும்போது, டர்போ பட்டனை ஒரு நிலையில் வைத்து ஒரு முறையும் மறு நிலையில் வைத்து ஒரு முறையும் அளந்து எழுதுங்கள். இந்த முறை இரண்டு எண்களும் வேறு வேறாக வரவேண்டும். ஒரே எண் வந்தால் இன்னொரு கேட் எங்கோ மூடியிருக்கிறது என்று பொருள், 3டிஏ-வை மறுபடி தேடுங்கள்.